சுக்கானி முஹம்மது தம்பியின் திங்கள் வியாழன் நோன்பு

மூதூரில் சுக்கானி முஹம்மது தம்பியைப் பெரிய பக்திமான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பினவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. திங்கட்கிழமை வந்தால் நோன்பு, வியாழக்கிழமை வந்தால் நோன்பு. பெருநாள் வட்டிலாப்பம் வயிற்றில் இறங்குவதற்குள் அதற்கடுத்த ஷவ்வால் மாத ஆறு நோன்பையும் தொடங்கிவிடுவார். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கும் திருகோணமலைக்கும் ஓடுகிற பயணிகள் படகான லோஞ்சில் சுக்கான் பிடிக்கிற மனிதர் அவர். உச்சி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, உதடு வெடித்துப்போக ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் அவர் நிற்பதைப் பார்த்துப் பயணிகள் உருகிப்போனார்கள். பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் அபூதாஹிர் நெல் ஆலைக்காரர், ஊரில் பெரிய புள்ளி. அவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் கலையும் முன்னே எழுந்து, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர் என்று முஹம்மது தம்பியைக் கைகாட்டிப் பேசினார். பேசியதோடு நிற்காமல் தானும் திங்கள் வியாழன் நோன்பு பிடிக்கத் தொடங்கினார்.

உண்மை வேறு. அது முஹம்மது தம்பிக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும், அவருடைய இடுப்புச் சாரன்களைத் துவைக்கிற மனைவி சித்தி பரீதாவுக்கும் தெரியும்.

அவருக்குச் சலம் போவதில் தொல்லை. ஐம்பத்தைந்து வயதில் தொடங்கியது. கிணற்றடி மறைப்புக்குள் போய்க் குந்தினால் வராது. காத்திருந்தால் நூல் மாதிரி வரும், நின்றுவிடும். முடிந்தது என்று எழும்பி நாலு எட்டு வைத்தால் சாரனில் சொட்டும். பிறகு திரும்பவும் முடுக்கும். படுப்பதும் எழும்புவதுமாகவே பொழுது விடிந்துவிடும். உடம்புச் சூடு என்று நினைத்துப் பார்லி குடித்தார், இளநீர் குடித்தார், பரிசாரி தந்த நெருஞ்சிக் கஷாயத்தையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். குடித்ததெல்லாம் உள்ளே போனதே தவிர, வெளியே வருவதற்குள் மனிதரைப் பாடாய்ப் படுத்தியது.

லோஞ்சில் கக்கூஸ் கிடையாது. இருந்தாலும் சுக்கானை விட்டுவிட்டு எங்கே போவது? துறைமுக வாயைத் தாண்டியதும் அலை பக்கவாட்டில் வந்து தூக்கும். கையை எடுத்தால் அவ்வளவுதான். திங்களும் வியாழனும் அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்குப் போகிற சனம் கூடுதல் என்பதால் லோஞ்சுக்கு இரட்டை ஓட்டம். ஆகவே அந்த இரண்டு நாளும் விடியற்காலையிலிருந்து தண்ணீரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். குடிக்காவிட்டால் வராது, வராவிட்டால் வெட்கம் இல்லை. இதுதான் அவருடைய கணக்கு. முதல் வியாழக்கிழமை ஒரு பயணி தேத்தண்ணீரை நீட்டினான். வேண்டாம் என்றார். நோன்பா என்று அவன் கேட்டான். வேறு என்ன சொல்வது, தலையை ஆட்டினார். அன்றைக்கு ஆட்டிய தலைதான் நான்கு வருடம் ஆடியது. சும்மா சொல்லக் கூடாது, அவர் பொய்யன் அல்ல. அடுத்த கிழமையிலிருந்து சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, முறைப்படி நிய்யத்து வைத்தே நோன்பு பிடித்தார்.

ஆனால் பள்ளியில் அவர் முன் வரிசைக்கு வருவதில்லை. கைகால் கழுவி ஒழு எடுத்துக்கொண்டு வந்து நிற்பதற்குள் அதை முறிக்க ஒரு சொட்டு விழுந்துவிட்டதோ என்ற பயம். வாசலோரக் கடைசி வரிசையில், எப்போது வேண்டுமானாலும் ஓடக்கூடிய இடத்தில் நிற்பார். அதையும் ஊர் பணிவு என்று சொல்லிப் புகழ்ந்தது. தொழுகை நடத்துகிற லெப்பையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இப்படி நோயுள்ள வருத்தக்காரருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று சொல்லியிருப்பார். கேட்க வெட்கம். என்ன வெட்கமோ, மனிதரை அரித்துத் தின்றுவிட்டது.

இந்தச் சுக்கான் அவருக்கு வெறும் தொழில் இல்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து மூதூருக்கு வருகிற மாப்பிள்ளைமாரெல்லாம் முஹம்மது தம்பியின் லோஞ்சில்தான் வந்தார்கள். தென்னங்குருத்தும் கலர்க் கடதாசியும் கட்டிய லோஞ்சில் மாப்பிள்ளை சுக்கானுக்குப் பக்கத்தில் நிற்பான். மூதூர் இறங்குதுறை கண்ணில் பட்டதும் சுக்கானி ஹோர்னை நீட்டி அடிப்பார். கரையில் பெண்கள் குரவை போடுவார்கள். லோஞ்சு கட்டியதும் சுக்கானிதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, துறையில் நிற்கிற பெண்ணின் வாப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு மருமகனைக் கையில் பிடித்துக் கொடுத்தவர் அவர். அவருடைய மூத்த மகள்மார் இருவருக்கும் உள்ளூரிலேயே மாப்பிள்ளை அமைந்துவிட்டதால், அந்த மாப்பிள்ளைமார் தெருவால் நடந்தே வந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவள் கடைக்குட்டி மைமூனா. இவளுக்கென்று ஒருவன் கடலால் வருவான், அவனை நானே கொண்டுவருவேன் என்று அவள் சிறு பிள்ளையாக இருந்தபோதே சொல்லத் தொடங்கியவர், சொல்வதை நிறுத்தவே இல்லை.

ரொட்டித் தட்டுப்பாட்டில் ஊரே பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற அந்த எழுபத்து நாலாம் வருடத் தை மாதம், பட்டினத்தில் புடைவைக் கடையில் வேலை செய்கிற ஹிஸ்புல்லாவின் வீட்டார் மைமூனாவைப் பெண் பேசி வந்தார்கள். காலையில் வந்தவர்கள் மத்தியானம் வரை இருந்தார்கள். பெண்ணின் வாப்பா சபை நடுவே இருந்து அடிக்கடி எழும்பிப் போனால் என்ன நினைப்பார்கள்? முஹம்மது தம்பி கதிரையில் ஆணியடித்த மாதிரி இருந்தார். சர்பத் வந்தது, மரியாதைக்குக் குடித்தார். தேத்தண்ணீர் வந்தது, அதையும் குடித்தார். அடிவயிறு கல்லாய் இறுகியது. நெற்றியில் வேர்வை பொடித்தது. வாடைக் காற்று ஓய்ந்து, வெள்ளாமை வெட்டி முடித்து, பங்குனிக் கடைசி வியாழக்கிழமை பின்னேரம் நிக்காஹ் என்று நாள் குறித்து, துஆ ஓதி, அவர்கள் படி இறங்கினார்களோ இல்லையோ, கிணற்றடிக்கு ஓடினார். குந்தினார். ஒரு சொட்டும் வரவில்லை.

சித்தி பரீதா மறைப்புக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் மனிதர் சுவரைப் பிடித்தபடி முனகிக்கொண்டிருக்கிறார், வயிறு தொப்புளுக்குக் கீழே பந்து மாதிரி எழும்பி நிற்கிறது. அவள் அழவில்லை. ஆளை வண்டிலில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோனாள். தான் சுக்கான் பிடிக்கிற அதே லோஞ்சில், நெல் மூட்டைகளுக்கு மேலே, பயணியாகக் கிடந்து முஹம்மது தம்பி குடாவைக் கடந்தார். அன்று சுக்கான் பிடித்தவன் லோஞ்சு முதலாளியின் மருமகன் அன்ஸார், இளந்தாரி. அலையை எப்படி வாங்குவது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒவ்வொரு அலைக்கும் லோஞ்சு எழும்பி விழ, ஒவ்வொரு விழுகைக்கும் முஹம்மது தம்பிக்கு உயிர் போய் வந்தது. வலது பக்கம் திருப்பு என்று சொல்ல வாய் திறந்தார், யா அல்லாஹ் என்று மட்டும்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு றப்பர்க் குழாயை உள்ளே விட்டார்கள். குழாய் போகும்போது பட்ட வேதனையைப் பிறகு அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சலம் போத்தலில் இறங்கத் தொடங்கியதும் வந்த நிம்மதியைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். மக்காவுக்குப் போய் வந்தவன் முகத்தில்கூட அப்படி ஒரு நிம்மதியைத் தான் பார்த்ததில்லை என்பார்.

சத்திரசிகிச்சை டொக்டர் பாலசிங்கம் அதிகம் கதைக்காதவர், கதைத்தால் விளங்கக் கதைப்பவர். சலப்பையின் கழுத்தைச் சுற்றிப் புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் இருக்கிறது, வயது போகப் போக அது பருக்கும், பருத்துச் சலம் போகிற வழியை நெரிக்கும், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். வழி மூன்று. ஒன்று, காலம் முழுக்க இந்தக் குழாயோடும் போத்தலோடும் இருப்பது. இரண்டாவது, கொழும்புக்குப் போய்க் குழாய் ஒப்பரேசன் செய்வது. அதில் வயிற்றை வெட்டுவதில்லை. சலம் வருகிற வழியாலேயே கருவியை விட்டு, பருத்த சதையை மின்சாரக் கம்பியால் உள்ளே இருந்து சீவிச் சீவி எடுப்பார்கள். மூன்றாவது, இங்கேயே செய்கிற வயிற்று ஒப்பரேசன். அடிவயிற்றை வெட்டிச் சலப்பையைத் திறந்து எடுப்பது. எதுவானாலும், சலம் தேங்கி நின்றதில் இரத்தம் கெட்டுப் போயிருக்கிறது, அது தெளிந்து கிருமியும் அடங்க பத்துப் பதினைந்து நாள் செல்லும், அதற்குள் யோசியுங்கள் என்றார்.

முஹம்மது தம்பிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. குழாயோடு காலம் முழுக்க இருந்தால் சுக்கான் இல்லை. வயிற்றை வெட்டினால் எப்போது எழும்புவார் என்று யாருக்குத் தெரியும்? பங்குனிக் கடைசியில் அன்ஸார் சுக்கான் பிடிக்க, தான் துறையில் நொண்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தார். கொழும்புதான் என்றார்.

சித்தி பரீதா விடவில்லை. ஒரு சேலை வாங்குவதென்றால்கூடப் பெருந்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, விரித்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து வாங்குகிறவள். புருஷனின் வயிற்றை மட்டும் கேள்விப்பட்டதை வைத்துக் கொடுப்பாளா? பட்டினத்தில் சொந்தக்கார வீடொன்றில் தங்கி, இரண்டு ஒப்பரேசனையும் செய்துகொண்டவர்களைத் தேடிப் பிடித்தாள். காலில் கட்டிய போத்தலைச் சாரனுக்குள் மறைத்துக்கொண்டு முஹம்மது தம்பி அவள் பின்னால் போனார்.

முதலில் இரும்புக் கடை ஸைனுலாப்தீன். கொழும்பில் குழாய் ஒப்பரேசன் செய்தவர். கேட்டதுமே சேர்ட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். ஒரு கீறல் இல்லை. ஒரு கிழமையில் வீட்டுக்கு வந்துவிட்டேன், அடுத்த கிழமை கல்லாவில் இருந்தேன் என்றார். முஹம்மது தம்பியின் முகம் மலர்ந்தது. ஆனால் சித்தி பரீதா, இப்போது எப்படி என்று கேட்டாள். ஸைனுலாப்தீன் கடைக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். போன வழியில் தழும்பு விழுந்து பாதை சுருங்கிவிட்டதாம். இடைக்கிடை போய்க் கம்பி விட்டு விரித்துக்கொண்டு வர வேண்டுமாம். எல்லோருக்கும் அப்படி வராது, தன்னோடு செய்தவன் குதிரை மாதிரி ஓடித் திரிகிறான் என்றும் நியாயமாகச் சொன்னார்.

பிறகு நிலாவெளி பஸ் ஏறிச் சல்லிக் கிராமத்துக்குப் போனார்கள். அங்கே கனகசபை, கரைவலை முதலாளி. வயிற்று ஒப்பரேசன் செய்து ஏழு வருடம். இவரும் சேர்ட்டைத் தூக்கினார். தொப்புளுக்குக் கீழே இறங்கிய தழும்பைப் பார்த்ததும் முஹம்மது தம்பி கண்ணை மூடிக்கொண்டார். கனகசபை ஒன்றையும் மறைக்கவில்லை. இரத்தம் கொஞ்சமாகப் போகவில்லை, மகன்மார் இரத்தம் கொடுத்தார்கள். வெட்டின வாயால் சில நாள் சலம் கசிந்தது. இருமினால் வயிறு பிளப்பது போல இருந்தது. வலை இழுக்க இரண்டு மாதத்துக்கு மேலே சென்றது. இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்தி, நானா என்று அண்ணன் முறை வைத்துத் தொடர்ந்தார்.

"ஆனா நானா, ஏழு வருசமா நான் படுத்தா விடியத்தான் எழும்புறனான். சலத்தைப் பற்றி நினைக்கிறதே இல்லை. நினைக்காம இருக்கிறது எவ்வளவு பெரிய சுகமெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை."

போகிற நேரத்தில் அவர் முஹம்மது தம்பியை வேலியோரம் அழைத்துப் போய் இன்னொன்றும் சொன்னார். ஆம்பிளைத்தனம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாமாம். அது பெரும்பாலும் இருந்தபடி இருக்கும், விந்து மட்டும் வெளியே வராமல் சலப்பைக்குள் போய்விடும், பிள்ளை கிடைக்காது, இரண்டு ஒப்பரேசனிலும் அப்படித்தான். பஸ்ஸில் வரும்போது முஹம்மது தம்பி இதை மனைவியின் காதில் மெல்லச் சொன்னார். இனிப் பிள்ளை பெற்று என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் குலுங்கும் அளவுக்குச் சிரித்தாள் அவள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் கொழும்பு கொழும்பு என்றுதான் நின்றார். டொக்டரிடம் திரும்பிப் போனபோது எக்ஸ்ரே வந்திருந்தது. பாலசிங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சலப்பைக்குள் வெள்ளையாக ஓர் உருண்டை. கல். சலம் நிற்க நிற்க, தண்ணீர் குறையக் குறைய, உப்பு படிந்து வளர்ந்த கல். தண்ணீர் குடிப்பதில்லையா என்று டொக்டர் கேட்டார். நோன்பு என்று சொல்லலாம்தான். முஹம்மது தம்பி சாரனை இழுத்துப் போத்தலை மூடினார். சித்தி பரீதா முந்தினாள். திங்கள் வியாழன் கதை முழுவதையும் டொக்டருக்கு முன்னால் கொட்டிவிட்டு, புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அல்லாஹ்வுக்காகப் பிடிச்ச நோன்பு ஆரையும் கொல்லாது. நீங்க பிடிச்சது சாரனுக்கான நோன்பு. அதுதான் கல்லாப் போயிருக்கு."

முஹம்மது தம்பி குனிந்த தலை நிமிரவில்லை. அவமானமாக இருந்தது. அதே நேரம், நான்கு வருடம் தனியே சுமந்ததை யாரோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

டொக்டர் அதைப் பெரிதுபடுத்தாமல் விஷயத்துக்கு வந்தார். குழாய் ஒப்பரேசன் நல்லதுதான், சின்னச் சுரப்பிக்கு அதுதான் சுகம், நானே பலரைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். ஆனால் உங்கள் சுரப்பி தோடம்பழ அளவு, ஆரஞ்சு மாதிரி. அதைத் துளித்துளியாகச் சீவிக்கொண்டிருந்தால் நேரம் நீளும், இரத்தம் போகும், சீவும்போது கழுவ விடுகிற தண்ணீர் உடம்பில் ஊறி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு மேலே இந்தக் கல். வயிற்றைத் திறந்தால் கல்லையும் எடுக்கலாம், தோடம்பழத்தைத் தோலுக்குள்ளிருந்து விரலால் கழற்றுவது போலச் சுரப்பியையும் முழுதாகக் கழற்றலாம். மிச்சம் வைத்தால்தானே திரும்ப வளர? ஒரே தரத்தில் இரண்டு காரியம்.

கல்யாணத்துக்குள் சுக்கான் பிடிக்க ஏலுமா என்று முஹம்மது தம்பி கேட்டார். அவருக்கு வேண்டியிருந்த பதில் அது ஒன்றுதான்.

"உறுதி சொல்ல ஏலாது, நானா. காயம் ஒழுங்கா ஆறினா, கடல் அமைதியா இருந்தா, பாரம் தூக்காம இருந்தா, ஏலும். கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் குழாயோட இருப்பம் எண்டாலும் நான் மாட்டனெண்டு சொல்ல மாட்டன். ஆனா போத்தலோட துறையில நிண்டுதான் மருமகனைப் பாக்க வேணும்."

முஹம்மது தம்பி எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தார். துறைமுக வாயில் நீரடிப் பாறை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதற்கு மேலால் ஓடுகிற சுக்கானி உண்டா? வெட்டுங்கள் டொக்டர் என்றார்.

ஒப்பரேசனுக்கு இரத்தம் ஒழுங்கு செய்யச் சொன்னார்கள். மூத்த மருமக்கள் இருவருடைய இரத்தமும் பொருந்தவில்லை. சித்தி பரீதா ஆஸ்பத்திரி விறாந்தையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, கடையில் ஒரு மணித்தியாலம் லீவு கேட்டுக்கொண்டு ஹிஸ்புல்லா வந்தான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, மூதூர் லோஞ்சில் பட்டினத்துக்கு வராத செய்தி எது என்றான். அவனுடைய இரத்தம் பொருந்தியது. பெண்ணின் வாப்பா வருத்தக்காரர் என்று தெரிந்தால் சம்மந்தம் கலைந்துவிடுமோ என்று இவர்கள் பயந்து பயந்து யாரிடம் மறைத்தார்களோ அந்த மனிதனின் இரத்தம்தான் போத்தலில் தொங்கியது. முஹம்மது தம்பி மயக்கம் தெளிந்து அதைக் கேட்டபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கனகசபை சொன்னது ஒன்றும் பொய் இல்லை. இருமல் வந்தபோது வயிறு பிளந்தது. காயம் கசிந்தது. கட்டிலுக்குக் கீழே போத்தலில் இறங்கிய சலம் முதலில் இரத்தமாக இருந்து, ரோஜா நிறமாகி, ஒருநாள் காலையில் தெளிந்த தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. டொக்டர் கல்லை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். காடை முட்டை அளவு இருந்தது. கண்டிப்பாகச் சொன்னார், வீட்டுக்குப் போன பிறகு தண்ணீர் குடிக்காமல் சுக்கானைத் தொடக் கூடாது.

குழாயை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வாட்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே வருத்தத்தோடு நாலைந்து பேர் கட்டில்களில் கிடந்தார்கள், கந்தளாயிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர், பட்டினத்தில் மூட்டை தூக்குகிற நாட்டாமை ஒருவர் என்று. தாதி இரத்தினேஸ்வரி மிஸ்ஸி இரண்டு கோப்பை தண்ணீர் குடிக்க வைத்து, முடுக்கினால் போங்கள் என்றாள். முஹம்மது தம்பி சுவரைப் பிடித்துப் பிடித்துக் கக்கூசுக்குப் போனார். கதவைச் சாத்தினார். பிஸ்மில்லாஹ் சொல்லிக் குந்தினார். காத்திருக்கவே தேவைப்படவில்லை. கொஞ்சம் எரிந்தது, ஆனால் வந்தது. நூலாக அல்ல, சொட்டாக அல்ல, பெடியனாக இருந்த காலத்தில் மணலில் குழி விழப் போன அதே வேகத்தில் வந்தது. அந்தச் சத்தம் அவருக்கு ஹோர்ன் சத்தத்தைவிட இனிமையாக இருந்தது. உள்ளேயே இருந்து அழுதார். வெளியே வந்து, லோஞ்சு புறப்படும்போது கயிற்றை அவிழ் என்று பெடியன்மாருக்குக் காட்டுகிற மாதிரி வலக்கையை உயரத் தூக்கிக் காட்டினார். கட்டிலில் கிடந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

பங்குனிக் கடைசி வியாழக்கிழமை கடல் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்தது. டொக்டர் சம்மதித்திருந்தார், கயிறு இழுக்கக் கூடாது, நங்கூரத்தைத் தொடக் கூடாது, சுக்கான் மட்டும். லோஞ்சு முதலாளிக்கு மட்டும் மனம் இல்லை. அன்ஸாரைப் பக்கத்திலேயே நிற்க வைத்தார். முஹம்மது தம்பி புதுச் சாரனும் வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியுமாகச் சுக்கானுக்கு வந்தார். ஹிஸ்புல்லா மாலையோடு வந்து பக்கத்தில் நின்றான். மாப்பிள்ளையை அழைத்துவரப் போன மூதூர்ப் பெரியவர்களில் மரைக்கார் அபூதாஹிரும் இருந்தார். எத்தனை தரம் முன்னுக்கு அழைத்தும் வராமல், எப்போதும் போலப் பின்னால் கடைசிப் பலகையிலேயே ஒதுங்கி இருந்தார்.

துறைமுக வாயைத் தாண்டியதும், கோணேசர் மலையைச் சுற்றி வந்த அலை ஒன்று பக்கவாட்டில் எழும்பியது. அன்ஸாரின் கை தானாகச் சுக்கானுக்கு வந்தது. கையை எடுங்க மகன் என்று மெதுவாகச் சொல்லி, முஹம்மது தம்பி லோஞ்சின் மூக்கை அலைக்குக் கொடுத்து, ஏறி, அடுத்த பக்கம் சறுக்கி இறக்கினார். மாப்பிள்ளையின் மாலையில் ஒரு பூ உதிரவில்லை. இரண்டு மாதமாக லோஞ்சில் உதைபட்டுப் போய் வந்த சனம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது.

நடுக்குடாவில் அவர் காலடியில் இருந்த செம்பை எடுத்தார். அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, மடமடவென்று தண்ணீர் குடித்தார். லோஞ்சு முழுவதும் அவரையே திரும்பிப் பார்த்தது. வியாழக்கிழமை. நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. நோன்பில்லையா நானா என்று யாரோ கேட்டேவிட்டார்கள்.

ஒரு பொய் போதும், மானம் தப்பிவிடும். டொக்டர் கட்டளை, இந்தக் கிழமை மட்டும் என்று சொல்லலாம். முஹம்மது தம்பி செம்பைக் கீழே வைத்தார். பக்கத்தில் அவருக்கு இரத்தம் கொடுத்தவன் நின்றான்.

"இவ்வளவு காலமும் நான் நோன்பு பிடிச்சது சலத்துக்குப் பயந்து. லோஞ்சில சாரன் நனைஞ்சிரும் எண்டு பயந்து. என்னைப் பெரிய மனிசன் எண்டு நினைச்ச எல்லாரும் மன்னிச்சிருங்க. இப்ப சலம் நல்லாப் போகுது, அல்ஹம்துலில்லாஹ்."

சொல்லிவிட்டு முன்னால் பார்த்தார். முகம் சுட்டது. முதலில் ஹிஸ்புல்லா சிரித்தான், பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள், லோஞ்சே சிரித்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை என்று விளங்க அவருக்குச் சற்று நேரம் சென்றது. மூதூர்த் துறை கண்ணில் பட்டது. ஹோர்னை அவர் அடித்த அடியில் கரையிலிருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. குரவைச் சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது.

லோஞ்சு கட்டியதும் அவர் ஹிஸ்புல்லாவின் கையைப் பிடித்து நின்றார். சுக்கானி கொடுக்க வேண்டும், பெண்ணின் வாப்பா வாங்க வேண்டும். இரண்டும் அவரே என்றால் என்ன செய்வது என்று துறையில் நின்றவர்களுக்குக் குழப்பம். அவர் யோசிக்கவில்லை. கையை விடாமல் அவனோடு சேர்ந்தே துறையில் ஏறினார். அங்கே சர்பத் செம்போடு நின்ற சித்தி பரீதாவைப் பார்த்து, இந்தா உன் மருமகன் என்றார். மனைவியின் கண் கலங்கியதை ஊரே பார்த்தது.

மாப்பிள்ளையோடு சனம் ஊர்வலமாகப் போய்விட்டது. முஹம்மது தம்பி லோஞ்சுக்குள் கிடந்த செம்பை எடுக்கத் திரும்பினார். கடைசிப் பலகையில் அபூதாஹிர் மட்டும் இறங்காமல் இருந்தார். முழங்காலோடு முழங்காலை நெருக்கி வைத்திருந்தார். அந்த இருப்பை முஹம்மது தம்பி எங்கும் அடையாளம் காண்பார். வெள்ளைச் சாரனின் முன்பக்கத்தில் உள்ளங்கை அளவு ஈரம் இருந்தது.

மரைக்கார் அவரை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"அந்த டொக்டர் எந்தக் கிழமையில பாப்பாரு, தம்பி?"

முஹம்மது தம்பி சிரிக்கவில்லை. தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவருடைய மடியில் போட்டார். துறையில் ஏறி, அவருக்காக நின்றிருந்த சித்தி பரீதாவிடமிருந்து ஒரு கிளாஸ் சர்பத் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பைக் கல்யாண வீட்டுக்காரனின் மனம் குளிர முறிக்கலாம் என்று மார்க்கமே சொல்லியிருக்கிறது, முதலில் இதைக் குடியுங்கள், நாளை மறுநாள் நானே உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அபூதாஹிர் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.